புரோகிராமிங் புத்தகம் வாங்கறதுக்கு முன்னாடி: கேள்வி பதில்

ஆகஸ்ட்ல ஈரோடு புத்தகத் திருவிழா. அங்க எதை வாங்கறதுன்னு நிறையப் பேர் கேக்கறீங்க. புத்தகத்தோட பேரைச் சொல்ல மாட்டனுங்க, எப்படிப் பார்த்து வாங்கறதுன்னு சொல்றேன். கேளுங்க.

திருப்பூர், பனியன் கம்பெனி கணக்காளர்: அண்ணா, பைத்தான் கத்துக்கலாம்னு இருக்கேன். கடையில புரட்டினா எல்லாப் புத்தகமும் ஒரே மாதிரி தெரியுதுங்க. எதை வெச்சு முடிவு பண்றது?

முதல் அத்தியாயத்தை வெச்சு முடிவு பண்ணாதீங்க. அதை எல்லாருமே நல்லா எழுதிடறாங்க. நடுப்பக்கத்தைத் திறந்து, ஃபங்ஷன் (பேர் வெச்சுத் திரும்பத் திரும்பக் கூப்பிடற புரோகிராம் துண்டு) வர்ற இடத்துல ஒரு புரோகிராமை வரி வரியாப் படிங்க. அதுவரைக்கும் சொல்லித்தராத ஏதாவது திடீர்னு உள்ள வருதா? வந்தா, எழுதினவருக்குப் புதுசாப் படிக்கறவங்க ஞாபகமே இல்லை.

அப்பறம் திரையில எழுத்தைக் காட்டற பிரிண்ட் வரி. அடைப்புக்குறி இல்லாம நேரா மேற்கோள் குறி வந்துதுன்னா அது பைத்தான் 2. பைத்தான் 3 வந்தது 2008ல. பழைய 2க்கு ஆதரவு 2020 ஜனவரி 1ஓட நின்னுபோச்சு. அந்த வரியை இன்னைக்குப் பைத்தான் 3ல அடிச்சா சின்டாக்ஸ் எரர்தான், அதாவது எழுதின விதமே தப்புன்னுதான் வரும்.

நான் ரொம்பப் பெருசா நினைக்கறது எரர் மெசேஜ். கூலி 650னு இன்புட்ல வாங்கி, அதோட 50 கூட்டச் சொல்லிப் பாருங்க, டைப் எரர் வரும். நீங்க அடிச்ச 650ஐ பைத்தான் எண்ணா எடுத்துக்கல, வெறும் எழுத்தாத்தான் வாங்கி வெச்சிருக்கு. நல்ல புத்தகம் அந்த எரரை அப்படியே அச்சடிச்சு, கடைசி வரியை முதல்ல படிங்கன்னு சொல்லி, அப்பறம் அந்த எழுத்தை எண்ணா மாத்தற இன்ட் போடச் சொல்லித்தரும். மத்ததெல்லாம் சரியா ஓடற புரோகிராமை மட்டும் காட்டிட்டுப் போயிடும். வீட்ல தனியா உக்காந்து படிக்கறவங்க அங்கதான் மாட்டிக்கறாங்க.

எல்லாருக்கும் ஒண்ணு: காசு குடுக்கறதுக்கு முன்னாடி நடுவுல இருந்து ஒரு புரோகிராமை அடிச்சு ஓட்டிப் பாருங்க.

பவானி: சில நாள்லயே கத்துக்கலாம்னு அட்டையில போட்டிருந்தா நம்பலாங்களா?

வேண்டாங்க.

நாமக்கல், பிளஸ் 1 மாணவி: தமிழ் வழியில படிக்கறேன். என்ன வாங்கட்டும் அண்ணா?

இப்போதைக்கு ஒண்ணும் வாங்காத அம்மணி. பிளஸ் 1 கணினி அறிவியல்ல சி பிளஸ் பிளஸ், பிளஸ் 2ல பைத்தான், ரெண்டுமே தமிழ்ல இருக்கு. பிளஸ் 2 நூலோட பிடிஎஃப் இலவசம், இப்பவே இறக்கிக்க. கணியம் அறக்கட்டளையும் கணினி நூல்களைத் தமிழ்ல இலவசமாத் தருது. இதையெல்லாம் முடிச்சிட்டு வந்து கேளு.

காங்கேயம்: எந்தப் புத்தகம் பெஸ்ட்டுங்ணா?

முதல் பதிலைப் படிங்க.

கோபி, பாலிடெக்னிக் ஆசிரியர்: டர்போ சி வெச்சு எழுதின புத்தகமே வேண்டாம்னு முன்ன ஒரு தடவை சொன்னீங்க. எங்க லேப்ல அதுதான் இருக்குது. அடிப்படை கத்துக்க அது போதாதுங்களா?

சார், டர்போ சிங்கறது சி மொழிக்கான பழைய கம்பைலர் (எழுதின புரோகிராமை கம்ப்யூட்டர் ஓட்டற மாதிரி மாத்தற மென்பொருள்), 1987ல டாஸ்ங்கற அந்தக்கால இயங்குதளத்துக்காக வந்தது. 64 பிட் விண்டோஸ்ல அது நேரா ஓடவே ஓடாது, டாஸ் மாதிரியே நடிக்கற டாஸ்பாக்ஸ் மென்பொருள் வேணும். அந்தப் புத்தகங்கள்ல வர்ற திரையைத் துடைக்கற கிளியர்ஸ்க்ரீன், அது இருக்கற கோனியோ கோப்பு எல்லாம் சி மொழியோட தரத்துலயே கிடையாது. ஒரு வரியை இன்புட்டா வாங்கற கெட்ஸ் ஃபங்ஷனை 2011 தரத்துல எடுத்தே போட்டாங்க.

கோபி ஆசிரியர்: லூப், அர்ரே எல்லாம் அன்னைக்கும் இன்னைக்கும் ஒண்ணுதானுங்களே?

லூப் ஒண்ணுதான். கணக்கு ஒண்ணு இல்லைங்க சார். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோப்பு, 200 மரம், மரத்துக்கு 200 காய்னு முழு எண் வெக்கற இன்ட்ல பெருக்கிப் பாருங்க. டர்போ சில மைனஸ் 25536னு வரும். அதுல இன்ட் 16 பிட், 32767க்கு மேல கொள்ளாது. இன்னைக்கு இருக்கற ஜிசிசி கம்பைலர்ல 32 பிட், 40000னு சரியா வரும். இன்ட்டுக்கு 2 பைட்டுனு பழைய புத்தகத்துல மனப்பாடம் பண்ணின பையன் வேலைக்குப் போற இடத்துல தப்பாச் சொல்லுவான்.

பொள்ளாச்சி, பொறியாளர்: ஆசிரியர் சொல்றதுலயும் நியாயம் இருக்குங்க. லேப் பரீட்சையில அதைத்தானே கேக்கறாங்க?

பரீட்சைக்குக் கல்லூரி நோட்ஸ் இருக்கு, அதுக்குத் தனியாக் காசு எதுக்கு? கைக்காசு போட்டு வாங்கற புத்தகம் பரீட்சை முடிஞ்சும் உதவணும். சார், ஒரு வேண்டுகோள். லேப்ல ஒரே ஒரு கம்ப்யூட்டர்லயாவது ஜிசிசியோட சேர்ந்து வர்ற கோட்பிளாக்ஸ் மென்பொருளைப் போட்டு, அந்தத் தேங்காய்க் கணக்கை ரெண்டுலயும் ஓட்டிக் காட்டுங்க. பசங்க மறக்க மாட்டாங்க.

கோபி ஆசிரியர்: அடுத்த வாரம் செய்யறனுங்க.

ரொம்ப சந்தோசம் சார்.

கோவை: உக்கடம் பழைய புத்தகக் கடையில பாதி விலைக்குக் கிடைக்குது, வாங்கலாங்களா?

அல்காரிதம், டேட்டா ஸ்ட்ரக்சர்னா தாராளமா வாங்குங்க, சீக்கிரம் பழசாகாது. ஆண்ட்ராய்டு, வெப் சம்பந்தப்பட்டதுன்னா வேண்டாம். ஜாவாஸ்கிரிப்ட் புத்தகத்துல மதிப்புக்குப் பேர் வெக்கற இடத்துல எங்க பார்த்தாலும் வார் மட்டும் இருந்து, லெட், கான்ஸ்ட் இல்லைன்னா அது 2015க்கு முந்தின பாடம். வருசம் பார்க்கறப்ப மறு அச்சு வருசத்தை நம்பாதீங்க, பதிப்பு வருசத்தைப் பாருங்க. காசு குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு புரோகிராமை ஓட்டியும் பாருங்க.

தாராபுரம்: எந்த லேப்டாப் வாங்கறதுங்ணா?

அது இங்க வேண்டாங்க.

கரூர்: பைத்தானுக்கு நல்ல புத்தகம் ஒண்ணு சொல்லுங்க.

முதல் பதில்.

சத்தியமங்கலம், கல்லூரி மாணவர்: என்கிட்ட மொபைல் மட்டும்தானுங்க இருக்கு. ஓட்டிப் பாருங்கன்னு சொல்றீங்க, கடையில நின்னு எப்படிங்ணா?

நல்ல கேள்வி தம்பி. மொபைல் பிரவுசர்லயே பைத்தான் ஓட்டற தளங்கள் இருக்கு, இன்ஸ்டால் எதுவும் வேண்டாம். பத்து வரிக்குள்ள இருக்கற புரோகிராமா எடுத்து, ஸ்டால்லயே ஓரமா நின்னு அடி. மேற்கோள் குறியும் வரித்தொடக்க இடைவெளியும் மொபைல் கீபோர்டுல தப்பா விழும், அதை மட்டும் பார்த்துக்க. ஓடலைன்னா புத்தகத்தோட ஒரு தடவை ஒப்பிட்டுப் பாரு. நீ அடிச்சது சரியா இருந்தும் ஓடலைன்னா புத்தகத்தை வெச்சுட்டு அடுத்ததை எடு.