ஊதாத் தக்காளியும் பத்து மடங்குப் பொடியும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: கருப்பு கவுனி வாங்கினேன். கழுவினால் தண்ணீர் ஊதாவாகிறது. சாயம் ஏற்றிய அரிசியா? (மேலூர் வாசகி)

பதில்: நல்ல கவுனியும் நிறம் விடும். அந்த நிறம் தவிட்டில் உள்ள ஆந்தோசயனின், தண்ணீரில் கரையும். கழுவிய தண்ணீரில் எலுமிச்சை பிழியுங்கள். சிவப்பாக மாறினால் இயற்கை நிறம். அசையாமல் நின்றால் சந்தேகப்படுங்கள். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே வேகவையுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் பத்து ஊதாத் தக்காளி விதை 300 ரூபாய். மாடியில் வளர்த்தேன், காய்த்தது சாதாரண சிவப்புத் தக்காளி. (திருமங்கலம்)

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், வருத்தமாக இருக்கிறது. உள்ளும் புறமும் ஊதாவான தக்காளி, ஸ்நாப்டிராகன் பூச்செடியின் மரபணுக்களைச் சேர்த்து இங்கிலாந்தில் உருவாக்கியது. அதை இந்தியாவில் பயிரிட அனுமதி இல்லை. மரபணு மாற்றாத ஊதா ரகங்களும் உண்டு; அவற்றில் வெயில் படும் தோல் மட்டும்தான் கறுக்கும், சதை சிவப்புதான். உங்களுக்குத் தோலும் கறுக்கவில்லை என்றால் விதையே வேறு. விளம்பரப் படம், பணம் கட்டிய ரசீது, காயின் படம் மூன்றையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள்.

கேள்வி: சத்து மாவு கசக்கிறது. பில் வாங்கவில்லை, பாக்கெட்டையும் தூக்கிப் போட்டுவிட்டேன். என்ன செய்யலாம்? (அனுப்பானடி)

பதில்: ஒன்றும் செய்ய முடியாது. பில் கேட்டு வாங்குங்கள் என்று இன்னும் எத்தனை முறை எழுதுவது?

கேள்வி: 'பத்து மடங்கு ஆன்டிஆக்ஸிடன்ட்' என்று போட்ட முருங்கைப் பொடி, 200 கிராம் 450 ரூபாய். வாங்கலாமா? (உசிலம்பட்டி)

பதில்: ஆன்டிஆக்ஸிடன்ட் என்பது செல்கள் சேதமாவதைத் தடுக்கும் பொருள். எதைவிடப் பத்து மடங்கு? பாக்கெட்டில் அதைத் தேடிப் பாருங்கள், இருக்காது. சோதனைக் குழாயில் அளந்த எண் உடம்புக்குள் அதே வேலையைச் செய்யும் என்பதற்கு ஆதாரம் இல்லை. விற்பவர்கள் அந்த எண்களைத் தவறாகக் காட்டியதாலும்தான் அமெரிக்க வேளாண் துறை 2012-இல் உணவுகளின் ஆன்டிஆக்ஸிடன்ட் திறனைக் காட்டும் தன் பட்டியலையே நீக்கியது. நம் ஊரில் அந்த எண்ணை இன்னும் அச்சடித்து விற்கிறார்கள், எனக்கு ஆத்திரமாக வருகிறது. பாக்கெட்டில் உள்ள 14 இலக்க உணவுப் பாதுகாப்பு (FSSAI) உரிம எண்ணும் இந்தப் பேச்சுக்குச் சான்று இல்லை. அது தொழில் நடத்தக் கொடுத்த அனுமதி, அவ்வளவுதான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். புகார் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

நான் ஒரு கடையில் வாங்கிய பொடி வைக்கோல் நிறத்தில் இருந்தது. கீரையை வெயிலில் காயப்போட்டால் அப்படித்தான், உடம்பில் வைட்டமின் ஏ-ஆக மாறும் கரோட்டின் பெருமளவு போய்விடும். உசிலம்பட்டியில் இருந்துகொண்டு பொடிக்கு 450 ரூபாயா? கீரையாகவே வாங்கி, துளி எண்ணெயில் வதக்கிச் சாப்பிடுங்கள். கரோட்டின் உடம்பில் சேர எண்ணெய் வேண்டும்.

கேள்வி: சர்க்கரைவள்ளிக் கிழங்கு உள்ளே ஊதாவாக இருக்கிறது. ஊசி போட்டார்களா? (சோழவந்தான்)

பதில்: இல்லை. திருவனந்தபுரம் மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட 'பூ கிருஷ்ணா' போன்ற ரகங்கள் உள்ளேயே ஊதாதான். ஆரஞ்சு நிறத்தில் 'பூ சோனா' இருக்கிறது, அதில் பீட்டா கரோட்டின் அதிகம். இரண்டும் கிடைத்தால் விடாதீர்கள்.