செல் சவ்வு பற்றிக் கேளுங்கள்: கேள்வி பதில்

பள்ளி மாணவி: மேடம், செல் சவ்வில் ஒரு லிப்பிடுக்கும் (கொழுப்பு வகை மூலக்கூறு) அடுத்த லிப்பிடுக்கும் நடுவே வேதிப் பிணைப்பே கிடையாதாம். அப்புறம் ஏன் அது கலைந்து போவதில்லை?

இதற்குப் பதிலைத் தண்ணீரில்தான் தேட வேண்டும் அம்மா. சவ்வின் முக்கிய லிப்பிடான பாஸ்போலிப்பிடுக்கு நீரோடு ஒத்துப்போகும் தலை ஒன்று, ஒத்துப்போகாத கொழுப்பு அமில வால்கள் இரண்டு. வால் நீருக்குள் நீட்டிக்கொண்டிருந்தால், அதைச் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகள் நினைத்தபடி திரும்ப முடியாமல் ஒழுங்காக அடங்கி நிற்க வேண்டியிருக்கும். வால்கள் எல்லாம் ஒன்றாக ஒதுங்கிவிட்டால் நீருக்கு அந்தக் கட்டுப்பாடு விலகிவிடுகிறது. சவ்வைப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் இந்த விலக்கம்தான்.

ஆய்வகத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். குளோரோஃபார்மில் கரைத்த லிப்பிடை உருண்டைக் குடுவையில் ஊற்றி ஆவியாக்கினால், கண்ணாடியின் உட்புறம் மங்கலாக ஒரு பூச்சு படியும். அதில் உப்புக் கரைசலை விட்டுக் குலுக்குங்கள். தெளிந்த நீர் வெண்மையாகக் கலங்கிவிடும். அந்தக் கலங்கலில் இருப்பவை நீரை உள்ளே அடைத்துக்கொண்ட நுண்ணிய பைகள், அதாவது லிப்போசோம்கள். படலத்துக்கு விளிம்பு இருந்தால் அங்கே வால்கள் நீரில் படும், அதனால் அது தானாகவே வளைந்து மூடிக்கொள்கிறது. 1960களில் இங்கிலாந்தில் அலெக் பேங்கம் இவற்றை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டார். எத்தனை முறை செய்தாலும் எனக்கு அலுக்காத சோதனை இது.

ஆசிரியர் ஒருவர்: சவ்வில் லிப்பிடு இரண்டு அடுக்காக இருக்கிறது என்று முதலில் எப்படித் தெரிந்தது?

1925இல் நெதர்லாந்தில் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இருவர் சிவப்பணுக்களிலிருந்து லிப்பிடைப் பிரித்து, நீரின் மேல் ஒற்றை அடுக்காகப் பரப்பி அளந்தார்கள். அணுக்களின் மொத்தப் பரப்பைப் போல அது இரண்டு மடங்கு வந்தது. உண்மையில் அவர்கள் பயன்படுத்திய அசிட்டோன் லிப்பிடு முழுவதையும் பிரித்தெடுக்கவில்லை. அணுவின் பரப்பையும் குறைவாகவே கணக்கிட்டிருந்தார்கள். இரண்டு பிழையும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிட்டன, முடிவு சரியாக நின்றது. வகுப்பில் இந்தப் பகுதியையும் சேர்த்தே சொல்லுங்கள் சார், பிள்ளைகள் அளவீட்டைப் பற்றி யோசிப்பார்கள்.

கல்லூரி மாணவர்: சவ்வு 'திரவம்' என்கிறார்கள். படத்தில் பார்த்தால் செங்கல் அடுக்கியது போலத்தானே இருக்கிறது?

படம் ஒரு கணத்தை நிறுத்திக் காட்டுகிறது தம்பி, அவ்வளவுதான். ஒரு லிப்பிடு தன் பக்கத்து லிப்பிடோடு நொடிக்குச் சுமார் ஒரு கோடி முறை இடம் மாறிக்கொள்கிறது. 1970இல் ஃப்ரை, எடிடின் இருவரும் எலிச் செல்லையும் மனிதச் செல்லையும் ஒன்றாக இணைத்தார்கள். இரண்டின் சவ்வுப் புரதங்களுக்கும் வெவ்வேறு நிறச் சாயம். முதலில் செல்லின் ஒரு பாதி பச்சை, மறுபாதி சிவப்பு. 37 டிகிரியில் 40 நிமிடத்தில் இரண்டும் கலந்துவிட்டன. குளிரவைத்தபோது கலக்கவில்லை. லிப்பிடுத் திரவத்தில் புரதங்கள் மிதக்கின்றன என்று 1972இல் சிங்கரும் நிக்கல்சனும் முன்வைத்த 'திரவ மொசைக்' மாதிரிக்கு இது நல்ல ஆதாரமாக அமைந்தது.

பக்கவாட்டில் இவ்வளவு ஓட்டம் இருந்தாலும், ஓர் அடுக்கிலிருந்து மறு அடுக்குக்குக் குப்புறப் புரள்வது மிக அரிது. தலை வால்களின் எண்ணெய்ப் பகுதிக்குள் நுழைய வேண்டுமே! இதனால் இரண்டு அடுக்குக்கும் வேறு வேறு லிப்பிடுகளை வைத்துக்கொள்ள செல்லால் முடிகிறது. பாஸ்பாடிடைல்செரின் என்ற லிப்பிடைப் புரதங்கள் ஆற்றல் செலவழித்து உள்ளடுக்கிலேயே வைத்திருக்கின்றன. செல் தன்னை முடித்துக்கொள்ளும்போது அது வெளியே தெரியும். அதைப் பார்த்துத்தான் மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல் வந்து விழுங்குகிறது.

செல் சவ்வும் செல் சுவரும் ஒன்றுதானா?

இல்லை. சுவர் தாவரம், பூஞ்சை, பெரும்பாலான பாக்டீரியா ஆகியவற்றில் சவ்வுக்கு வெளியே இருக்கும் விறைப்பான உறை. சவ்வு எல்லாச் செல்லுக்கும் உண்டு.

செவிலியர் ஒருவர்: கொலஸ்ட்ரால் கெட்டது என்றே கேட்டுப் பழகிவிட்டோம். சவ்வில் அதற்கு என்ன வேலை?

ரத்தக் குழாயில் படிவது வேறு கதை. சவ்வில் அது இல்லாமல் நம் செல்கள் தாங்காது. விறைப்பான அதன் வளையங்கள் வால்களுக்கு இடையில் நின்று, வெப்பத்தில் சவ்வு அளவுக்கு மீறித் தளர்வதைத் தடுக்கின்றன. குளிரில் வால்கள் நெருக்கமாக ஒட்டி உறைந்துபோவதையும் தடுக்கின்றன. சில செல்களின் வெளிச்சவ்வில் பாஸ்போலிப்பிடுகளுக்குக் கிட்டத்தட்டச் சம எண்ணிக்கையில் கொலஸ்ட்ரால் இருக்கும். பூஞ்சைகளில் அதற்குப் பதில் எர்கோஸ்டெரால். உங்கள் வார்டில் ஆம்போடெரிசின் பி கொடுத்திருப்பீர்கள். அது எர்கோஸ்டெராலைப் பிடித்துத்தான் பூஞ்சையைக் கொல்கிறது. கொலஸ்ட்ராலோடும் ஓரளவு ஒட்டுவதால் சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது. லிப்போசோமில் அடைத்துக் கொடுத்தால் அந்தப் பாதிப்பு குறைகிறது.

சோப்பும் கொழுப்பிலிருந்து வருவதுதானே, அது ஏன் சவ்வைக் கலைக்கிறது?

சோப்பு மூலக்கூறுக்கு ஒரே வால், அதனால் கூம்பு வடிவம். கூம்புகளை அடுக்கினால் சிறு உருண்டைதான் வரும், தட்டையான தாள் வராது. சோப்பு சவ்வுக்குள் நுழைந்து லிப்பிடுகளையும் அந்த உருண்டைகளுக்குள் இழுத்துக்கொள்கிறது. கொழுப்பு உறையுள்ள வைரஸ்கள் இப்படித்தான் சிதைகின்றன.

மருந்தாளுநர் ஒருவர்: எம்ஆர்என்ஏ தடுப்பூசியில் உள்ள கொழுப்புத் துகளும் லிப்போசோமும் ஒன்றா?

உறவுதான், ஒன்றில்லை. லிப்போசோமின் உள்ளே நீர் இருக்கும். தடுப்பூசித் துகளின் உள்ளே ஆர்என்ஏவும் லிப்பிடும் பின்னிக் கிடக்கும். அதில் நான்கு வகை லிப்பிடுகள்: பாஸ்போலிப்பிடு, கொலஸ்ட்ரால், பெக் என்ற பாலிமர் இணைந்த லிப்பிடு, அப்புறம் அயனியாகக்கூடிய லிப்பிடு. கடைசியில் சொன்னதுதான் சூட்சுமம். ரத்தத்தின் காரகாடித்தன்மையில் (pH) அது பெரும்பாலும் மின்னூட்டமின்றி இருக்கிறது, அதனால் நச்சு குறைவு. செல் துகளை விழுங்கி எண்டோசோம் என்ற சிறு பைக்குள் வைக்கிறது. அங்கே அமிலம் ஏற ஏற லிப்பிடு நேர்மின்னூட்டம் பெற்று, எண்டோசோம் சவ்வின் எதிர்மின் லிப்பிடுகளோடு சேர்ந்து அதன் அடுக்கைக் குலைக்கிறது. அந்த வழியாக ஆர்என்ஏ வெளியே வருகிறது. இதே உத்தியில் வந்த பாடிசிரான் என்ற மருந்துக்கு 2018இலேயே அனுமதி கிடைத்தது. ஆனால் எண்டோசோமிலிருந்து தப்பி வெளியேறுவது கொஞ்சம்தான், பெரும்பகுதி உள்ளேயே சிதைந்துவிடுகிறது. புதிய அயனி லிப்பிடுகளைத் தேடும் ஆய்வுகள் பலவும் இந்தத் தப்பும் பங்கை உயர்த்தத்தான் போராடுகின்றன.