லினக்ஸ் கணினியும் கையடக்க ஹாட்ஸ்பாட்டும்: கேள்வி பதில்

மன்னார்குடி வாசகர்: ஐயா, உபுண்டு என்னும் லினக்ஸில் என் ஹாட்ஸ்பாட்டின் வைஃபை இணைந்துவிட்டதாகக் காட்டுகிறது, ஒரு பக்கமும் திறப்பதில்லை. லினக்ஸில்தான் கோளாறா?

பதில்: கணினிக்கும், சிம் வழியே இணையம் பெற்று வைஃபையாகத் தரும் சிறு கருவியான ஹாட்ஸ்பாட்டுக்கும் இடையே ஓர் இணைப்பு, ஹாட்ஸ்பாட்டுக்கும் டவருக்கும் இடையே மற்றோர் இணைப்பு என இங்கே இரண்டு உள்ளன, இரண்டாவதின் பழியைப் பெரும்பாலும் லினக்ஸே சுமக்கிறது. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில் ‘ஐபி ரூட்’ (ip route) என்று கொடுத்தால் ‘டீஃபால்ட் வயா’ (default via) என்பதை அடுத்து வரும் எண்ணே ஹாட்ஸ்பாட்டின் முகவரி. ‘பிங்’ (ping) கட்டளையால் அந்த எண்ணுக்குச் சோதனைச் செய்தி அனுப்பிப் பதில் வந்தால், கணினி தன் வேலையைச் செய்துவிட்டது. அடுத்து இணையத்திலுள்ள கூகுளின் சர்வரான 8.8.8.8-க்கு அனுப்புங்கள், அங்கிருந்து பதில் இல்லையெனில் சிக்னலையும் மீதமுள்ள டேட்டாவையும் பாருங்கள். எண்ணுக்குப் பதில் வந்து, தளத்தின் பெயருக்கு மட்டும் வரவில்லையென்றால் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் அமைப்பைச் சரிபார்க்க வேண்டும்.

பாபநாசம் வாசகர்: பக்கத்து வீட்டு வைஃபை தெரிகிறது, என் ஹாட்ஸ்பாட் தெரியவில்லை.

பதில்: உங்கள் ஹாட்ஸ்பாட் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கக்கூடும், பழைய வைஃபை கார்டுகள் பல 2.4-ஐ மட்டுமே அறியும். ஹாட்ஸ்பாட்டின் அமைப்பில் 2.4-க்கு மாற்றிப் பாருங்கள்.

நாகப்பட்டினம் வாசகர்: வைஃபையே வரவில்லை. என்ன செய்வது?

பதில்: கணினியிலுள்ள வைஃபை சிப்பின் பெயரைச் சொல்லாமல் கேட்டால் எவராலும் பதில் கூற இயலாது. ‘எல்எஸ்பிசிஐ’ (lspci) கட்டளை அதைக் காட்டும். ‘ஆர்எஃப்கில் லிஸ்ட்’ (rfkill list) கொடுத்து, வைஃபை முடக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பிராட்காம் சிப் எனில் சிப்புக்குள் ஏற்றப்படும் ஃபர்ம்வேரையோ, அதை லினக்ஸ் இயக்க உதவும் டிரைவரையோ தனியே நிறுவ நேரலாம். அதைப் பதிவிறக்க ஹாட்ஸ்பாட்டை யுஎஸ்பி கேபிளில் இணைத்துக்கொள்ளுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள் இதற்கு உதவாது. 2023-இல் வெளியான டெபியன் 12 என்னும் லினக்ஸ் பதிப்பு முதல், ஃபர்ம்வேர் அதன் நிறுவல் மென்பொருளிலேயே சேர்ந்து வருவதால் இத்தொல்லை குறைந்துள்ளது.

கும்பகோணம் வாசகர்: அப்படியானால் எப்போதும் கேபிளே போதுமே, வைஃபை எதற்கு?

பதில்: ஒப்புக்கொள்ள மாட்டேன். தடித்த சுவர்களுள்ள நம் ஓட்டு வீடுகளில் சிக்னல் திண்ணையிலோ ஜன்னலோரத்திலோதான் நன்றாகக் கிடைக்கிறது. கேபிளில் கட்டிவிட்டால் கணினியும் அங்கேயே கிடக்க வேண்டும். மேலும், யுஎஸ்பி வழியே ஹாட்ஸ்பாட் மடிக்கணினியின் பேட்டரியிலிருந்து சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின் மின்சாரமின்றிக் கழித்தவர்களுக்கு அந்தச் சார்ஜின் அருமை தெரியும்.

கும்பகோணம் வாசகர்: ஹாட்ஸ்பாட் அணைந்துவிட்டால் மடிக்கணினியில் சார்ஜ் இருந்து என்ன பயன், ஐயா?

பதில்: நியாயமான கேள்வி. மின்வெட்டில், ஹாட்ஸ்பாட் அணையும் தறுவாயில், கேபிளைச் செருகுங்கள். மற்ற நேரத்தில் வைஃபை.

திருத்துறைப்பூண்டி வாசகர்: எனக்கும் வைஃபை வரவில்லை.

பதில்: சிப்பின் பெயர்? நாகப்பட்டினத்தாருக்கு எழுதியதைப் படியுங்கள்.

திருவாரூர் வாசகர்: ஒரு நாள் டேட்டா காலையிலேயே தீர்ந்துவிடுகிறது. எந்த சிம் வாங்கலாம்?

பதில்: உபுண்டுவின் திரைச்சூழலான க்னோமின் அமைப்புகளில் அந்த வைஃபையை ‘மீட்டர்டு’ (metered), அதாவது டேட்டா வரம்புள்ளது, என்று குறித்துவிடுங்கள், மென்பொருள் புதுப்பிப்புகள் தாமாக இறங்குவது பெரிதும் குறையும். சிம் என் துறையன்று. உங்கள் தெருவில் எது எடுக்கிறதென்று அண்டை வீட்டாரைக் கேளுங்கள்.