மதர்போர்ட் மாற்றினால் ஃபோமட் அடித்தே ஆகவேண்டுமா?

கேள்வி: களுவாஞ்சிகுடியில் ரியூசன் நடத்துகிறேன். மின்னலில் டெஸ்க்டொப்பின் மதர்போர்ட் போய்விட்டது. கடையில் வேறு போர்ட் போட்டுவிட்டு, "இனி ஃபோமட் அடித்துத்தான் விண்டோஸ் போடவேணும், பழையதெல்லாம் போகும், ஒரிஜினல் கீக்குத் தனிக்காசு" என்கிறார்கள். அசெம்பிள் செய்த கணினி. இன்டெல் 10ஆம் தலைமுறை, விண்டோஸ் 11. 240 ஜிபி எஸ்எஸ்டியில் விண்டோஸ் இருக்கிறது, 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில் வினாத்தாள்கள். என்ன செய்வது?

பதில்: ஃபோமட்டுக்கு இன்னும் சம்மதம் சொல்லாதீர்கள். போனது போர்ட் மட்டும். விண்டோஸ் எஸ்எஸ்டியில் அப்படியே இருக்கிறது. விண்டோஸ் 10, 11 இரண்டும் புதிய போர்ட்டைக் கண்டதும் தமக்கு வேண்டிய டிரைவர்களை (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) பெரும்பாலும் தாமே தேடிப் போட்டுக்கொள்ளும். முதல் தடவை எழும்ப நேரமெடுக்கும், இரண்டு மூன்று தடவை ரீஸ்டார்ட் ஆகும். அந்தப் பொறுமை கடையில் இருப்பதில்லை. ஃபோமட் அடித்தால் வேலை சீக்கிரம் முடியும், அதனால்தான் அதையே சொல்கிறார்கள்.

எழும்பாவிட்டால் பயோஸில் (விண்டோஸுக்கு முன் எழும்பும் போர்ட்டின் அமைப்புப் பக்கம்) மூன்று இடங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். பூட் வரிசையில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' முதலில் இருக்கவேண்டும்; பூட் முறை யூஈஎஃப்ஐ ஆக இருக்கவேண்டும். சாட்டா முறை (போர்ட் டிஸ்க்கோடு பேசும் முறை) பழைய போர்ட்டில் ஏஎச்சிஐ என்றால் இதிலும் அதுவே. இது மாறியிருந்தால் நீலத்திரை வரும். திருப்பி மாற்றினால் போய்விடும். டிஸ்க் பழுதென்று யாரும் சொன்னால் நம்பவேண்டாம்.

இன்னொரு நீலத்திரை உண்டு. அதில்தான் ஆட்கள் அநியாயமாகத் தரவை இழக்கிறார்கள். 'பிட்லொக்கர் ரிக்கவரி' (பிட்லொக்கர் என்பது டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதி) என்று எழுதி, 48 இலக்க எண்ணொன்றைக் கேட்கும். டிஸ்க்கைப் பூட்டிய சாவி பழைய போர்ட்டின் டிபிஎம்மில் (சாவிகளைக் காக்கும் பாதுகாப்புப் பகுதி) இருந்தது, அந்தப் போர்ட் போய்விட்டது, அதனால் கேட்கிறது. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பையோ அதற்குப் பிந்தியதையோ புதிதாக நிறுவி மைக்ரோசொப்ட் கணக்கால் உள்நுழைந்திருந்தால், உங்களிடம் தெளிவாகச் சொல்லாமலே பல கணினிகளில் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். இதைப் பெரிய எழுத்தில் சொல்ல மைக்ரோசொப்டுக்கு என்ன கஷ்டமோ! எப்படியோ, போனில் உங்கள் மைக்ரோசொப்ட் கணக்குக்குள் போங்கள். சாதனங்கள் பகுதியில் பிட்லொக்கர் சாவிகள் இருக்கும். திரையில் தெரியும் சாவி அடையாளத்தின் முதல் எட்டு எழுத்துகளை ஒப்பிட்டு, பொருந்தும் சாவியின் 48 இலக்கங்களையும் அடியுங்கள். அந்தச் சாவி இல்லாமல் ஃபோமட் அடித்தவனும் தரவை மீட்கமுடியாது, அடிக்காதவனும் மீட்கமுடியாது. ஆகவே தேடிப் பார்க்குமுன் யாரையும் கைவைக்க விடாதீர்கள்.

விண்டோஸ் எழும்பிவிட்டால் அதையே பாவியுங்கள். போர்ட் கம்பனியின் இணையத்தளத்திலிருந்து சிப்செட், லேன் (வயர் இணைய இணைப்பு) டிரைவர்களைப் போடுங்கள். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி எதுவும் மிஞ்சக்கூடாது. ஒரு வாரம் ஓடவிடுங்கள். அடிக்கடி தானாக ரீஸ்டார்ட் ஆகிறது, திரை உறைகிறது என்றால்தான் புதிதாகப் போடும் பேச்சு. இன்டெல் புரொசசரில் இருந்து ஏஎம்டி புரொசசருக்கு மாறியவர்கள் மட்டும் யோசிக்காமல் புதிதாகவே போடலாம்.

போடத்தான் வேண்டுமென்றால், மைக்ரோசொப்ட் தளத்தின் மீடியா கிரியேஷன் டூலால் 8 ஜிபி பென் ட்ரைவ் ஒன்றைத் தயாரியுங்கள். கடைக்காரரின் பென்னை வாங்காதீர்கள். அதில் யார் எதைச் சேர்த்திருக்கிறார்கள் என்று தெரியாது. நிறுவத் தொடங்குமுன் 1 டிபி ஹார்ட் டிஸ்க்கின் சாட்டா வயரைக் கழற்றிவிடுங்கள். வினாத்தாள்களுக்கு அது காப்பு. இன்னொரு காரணமும் உண்டு: இரண்டு டிஸ்க்கும் பொருத்தியிருந்தால் பூட் கோப்புகள் சிலவேளை ஹார்ட் டிஸ்க்கில் போய் உட்காரும், பிறகு அதைக் கழற்றினால் விண்டோஸ் எழும்பாது. எஸ்எஸ்டியில் இருப்பவற்றை முதலில் கொப்பி எடுங்கள். டெஸ்க்டொப்பிலும் டவுன்லோட்ஸிலும் கிடப்பதெல்லாம் சி ட்ரைவில்தான் இருக்கும். முக்கியமாக எழுத்துருக்கள்: வினாத்தாள்கள் பாமினி எழுத்துருவில் அடித்தவை என்றால், விண்டோஸின் ஃபொன்ட்ஸ் கோப்புறையில் இருந்து அதை எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் வினாத்தாள் பத்திரமாக இருக்கும், திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகத் தெரியும்.

நிறுவும்போது இணையம் கேட்கும், புதிய போர்ட்டின் லேன் டிரைவர் சிலவேளை இருக்காது. அன்ட்ரொய்ட் போனை யூஎஸ்பி வயரால் இணைத்து டெதரிங் (போனின் இணையத்தைக் கணினிக்குத் தருவது) போட்டால் பெரும்பாலும் வேலை செய்யும். கீ கேட்கும் இடத்தில் 'என்னிடம் இல்லை' என்பதைத் தெரிவுசெய்து, முன்பிருந்த அதே பதிப்பை எடுங்கள். ஹோம் இருந்தால் ஹோம். ஹோம் உரிமத்தால் ப்ரோ திறக்காது.

இனி அந்த 'ஒரிஜினல் கீ'. உரிமம் போர்ட்டோடு போய்விட்டதா என்று செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன் பக்கத்தில் பாருங்கள். பெட்டியாக வாங்கிய ரீட்டெய்ல் உரிமம் என்றால் 25 எழுத்துக் கீயைத் திரும்ப அடிக்கலாம். பழைய விண்டோஸ் உங்கள் மைக்ரோசொப்ட் கணக்கோடு இணைந்திருந்தால், ட்ரபிள்ஷூட் அழுத்தி, 'அண்மையில் வன்பொருள் மாற்றினேன்' என்பதைத் தெரிவுசெய்யுங்கள். கணினியோடு வரும் ஓஈஎம் உரிமம் போர்ட்டோடு கட்டுப்பட்டது. போர்ட் போனால் அதுவும் போச்சு.

இதில் ஒரு விலக்கு. பிராண்டட் லேப்டொப்போ டெஸ்க்டொப்போ வைத்திருப்பவர்கள் இதில் ஏமாறுவதால் விரித்தே சொல்கிறேன். பழுதான போர்ட்டுக்குப் பதிலாக அதே தயாரிப்பாளர் அதே மாதிரியையோ அதற்கு நிகரானதையோ மாற்றித் தந்தால் ஓஈஎம் உரிமம் தொடரும். புதுக் கீக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. உத்தரவாதக் காலத்துக்குள் கொடுத்துவிட்டு வாங்கும்போது ஆக்டிவேட் ஆகாமல் வந்தால், அதைச் சரிசெய்வது சேவை நிலையத்தின் வேலை. வெளிக்கடையில் வேறு போர்ட் போட்டால் இது பொருந்தாது. பழுதாகாத போர்ட்டை வேகம் கூட்ட மாற்றினாலும் பொருந்தாது. உங்களுடையது அசெம்பிள் கணினி, ஆகவே உங்களுக்கும் இல்லை.

வெளிப்படையாகச் சொன்னால், இங்கே அசெம்பிள் செய்து விற்கும் கணினிகள் பலவற்றில் போவதற்கு உரிமமே இருந்ததில்லை. விண்டோஸின் வைரஸ் காப்பான டிஃபென்டரை நிறுத்திவிட்டு, உரிமம் இருப்பதாக விண்டோஸை ஏமாற்றும் ஏதோ ஒரு ஆக்டிவேட்டரை ஓட்டித் தருவார்கள். இவை பல போலி செய்யும் கேஎம்எஸ் முறை (நிறுவனங்களின் கணினிகளுக்கான ஆக்டிவேஷன் முறை) 180 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படவேண்டும். அதற்காக அந்தக் கள்ளச் சொப்ட்வெயார் உள்ளேயே குடியிருக்கும். இப்போது 'ஒரிஜினல்' என்று மலிவாக விற்கும் கீயும் பெரும்பாலும் ஏதோ ஒரு நிறுவனத்தின் மொத்தக் கீ. சில மாதத்தில் தடைபடலாம். அவசரமில்லை. ஆக்டிவேட் ஆகாத விண்டோஸிலும் வினாத்தாள் அடிக்கலாம். மூலையில் ஒரு வாசகம் தெரியும், வோல்பேப்பர் மாற்றமுடியாது, அவ்வளவுதான்.

காசு கொடுக்குமுன் செட்டிங்ஸின் அபௌட் பக்கத்தில் புரொசசரின் பெயரைப் பாருங்கள். 10ஆம் தலைமுறைக்கு எச்410, எச்510 போர்ட்கள் பொருந்தும். "போர்ட் கிடைக்கேல்ல, செற்றாக மாத்தினோம்" என்று எச்61 போர்ட்டையும் 3ஆம் தலைமுறை புரொசசரையும் தலையில் கட்டுவது வழக்கமான வேலை. அதில் விண்டோஸ் 11க்கு முறையான ஆதரவு கிடையாது. மின்னல் பட்ட பவர் சப்ளையையும் அளக்கச் சொல்லுங்கள்: 12 வோல்ட் வயரில் 11.4க்கும் 12.6க்கும் இடையில் நிற்கவேண்டும். இல்லையென்றால் புதுப் போர்ட்டும் அதே வழியில் போகும். பில்லில் போர்ட்டின் மாடல், தொடர் எண், உத்தரவாதக் காலம் மூன்றையும் எழுதி வாங்குங்கள். பழைய போர்ட்டையும் கேட்டு எடுங்கள், அது உங்கள் பொருள்.