மன்னித்த பிறகும் வலிக்கிறதே, என் விசுவாசம் குறைவா?

சிறுவயதில் சொந்த வீட்டில் பட்ட காயங்களை ஆண்டவருக்காக மன்னித்துவிட்டதாகவும், நினைவு வரும்போதெல்லாம் இன்னும் நெஞ்சை அடைப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். விசுவாசம் போதவில்லையோ என்று பயப்படுகிறீர்கள். அந்தப் பயத்தோடு பல வருஷம் வாழ்ந்தவள் நான்.

எனக்கு 6 வயதில் அப்பா இறந்துபோனார். அம்மா வெளியூரில் ஒரு விடுதியில் சமையல் வேலைக்குப் போனதால், தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பெரியப்பா வீட்டில் வளர்ந்தேன். பெரியம்மா என்னை அடித்ததே இல்லை. "அப்பன முழுங்கிட்டு இங்க வந்து உக்காந்திருக்கா" என்பார், வந்தவர் போனவர் முன்னால். மீன் குழம்பு வைத்த அன்று அவர் பிள்ளைகள் தட்டில் துண்டு இருக்கும், என் தட்டில் குழம்பு மட்டும் இருக்கும். அதே பெரியம்மாதான் ராத்திரி குடும்ப ஜெபத்தில் வேதாகமத்தின் சங்கீதம் வாசிப்பார், கண்ணீர் விட்டு ஜெபிப்பார். அந்தக் குரல் கூப்பிட்ட தேவனை வெகுகாலம் பெரியம்மா பக்கத்து ஆளாகவே நினைத்திருந்தேன். இதை எழுத இப்போதும் கை தயங்குகிறது.

நான் சபையைவிட்டுப் போகாமல் இருந்ததற்கு ஒரே காரணம் அசனம். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை; மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கோவில் பண்டிகையில் ஊரே சேர்ந்து சமைத்து, ஊரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதுதான் அசனம். வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையாகப் பரிமாறிப் போவார்கள். இது யார் வீட்டுப் பிள்ளை என்று ஒருவரும் கேட்டதில்லை. பக்கத்து இலையில் விழுந்த அதே சோறும் அதே கறியும் என் இலையிலும் விழுந்தது. ஆண்டவர் இங்கேதான் இருக்கிறார் என்று அந்த வயதிலேயே மனசில் முடிவு பண்ணிக்கொண்டேன்.

கல்யாணமாகி மகள் பிறந்த பிறகு வலி பெரிதாகத் திரும்பி வந்தது. அவள் தட்டில் மீன் துண்டு வைக்கும்போது என் கை நடுங்கும். சபையில் சொன்னேன். மனசில் வைத்திருக்கும் கசப்பான வேர் என்றார்கள், மன்னித்து மறந்துவிடச் சொன்னார்கள். உபவாச ஜெபத்தில் முன்னால் போய் நின்று "மன்னித்துவிட்டேன்" என்று சத்தமாகச் சொன்னேன். அந்த வாரமே மறுபடியும் அதே நடுக்கம். அப்படியென்றால் ஆண்டவர் சந்நிதியில் பொய் சொல்லிவிட்டேனா?

ஓய்வுபெற்ற உபதேசியார் (சபை ஊழியர்) ஒருவரிடம் இதைச் சொல்லி அழுதேன். ஒரு காலத்தில் பலசரக்குக் கடையும் நடத்தியவர். மத்தேயு 6:12ஐ எடுத்து வாசிக்கச் சொன்னார். ஆராதனையில் "குற்றங்களை மன்னியும்" என்று சொல்லிச் சொல்லி நமக்கு நாக்கு பழகிவிட்டது. வேதாகமத்தில் அங்கே இருப்பது "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்."

"கடைப் பாக்கியத் தள்ளணும்னா மொதல்ல என்ன செய்வோம் தாயி? நோட்டப் பாத்து எவ்வளவுன்னு கூட்டுவோம். நீ கூட்டவே இல்லியே" என்றார்.

மத்தேயு 18இல் வரும் உவமையில் ஊழியக்காரனுடைய பதினாயிரம் தாலந்துக் கடனை மன்னிக்கிற ராஜாவும் முதலில் கணக்குப் பார்க்கத்தான் உட்காருகிறார். எத்தனையோ தடவை வாசித்த அதிகாரம், அந்த வார்த்தை மட்டும் கண்ணில் பட்டதே இல்லை.

மகளுடைய நோட்டு ஒன்றை எடுத்து எழுத ஆரம்பித்தேன். என்ன நடந்தது, எனக்கு வரவேண்டியிருந்தது என்ன, இரண்டும். மீன் துண்டு. பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே முதலாவதாக வந்த அன்று வீட்டில் நிலவிய மௌனம். எல்லாவற்றுக்கும் அடியில், அப்பா செத்ததற்கு நான்தான் காரணம் என்று நானே நம்பிக்கொண்டு திரிந்த வருஷங்கள். அந்த வரியை எழுத மட்டும் மூன்று வாரம் ஆனது. வீடு தூங்கின பிறகு அடுப்படியில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக ஆண்டவரிடம் வாசித்துக் காட்டுவேன். கோபம் வந்தால் கோபத்தோடேயே வாசித்தேன். 55ஆம் சங்கீதம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது: நிந்தித்தவன் சத்துருவாக இருந்தால் சகிப்பேன், கூடவே தேவாலயத்துக்கு வந்த நீயல்லவா என்று தாவீது புலம்புகிறார். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, ஆறுதலாக ஒரு வரிகூடக் கடைசியில் இல்லை. அதையும் ஜெபமாகத்தான் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். வாசித்து முடித்த வரியின் மேல், மனசு வந்த அன்று மட்டும் கோடு போட்டேன். சில வரிகளுக்கு மாசக்கணக்கில் மனசு வரவில்லை.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். யோசேப்பைப் பாருங்கள். 17 வயதில் சொந்த அண்ணன்மாரால் விற்கப்பட்டவர், பிறகு அதிகாரியாக உயர்ந்த எகிப்தில் மூத்த மகனுக்கு மனாசே என்று பெயர் வைக்கிறார். என் வருத்தத்தையும் தகப்பன் வீட்டையும் தேவன் மறக்கப்பண்ணினார் என்று அர்த்தம் சொல்கிறார். அதே அண்ணன்மார் பஞ்சத்தில் அவரிடமே தானியம் வாங்க வந்து நின்றபோது என்ன ஆனது? விலகிப் போய் அழுகிறார். மறுபடி வந்தபோது தம்பி பென்யமீனைப் பார்த்ததும் அறைக்குள் ஓடிப்போய் அழுது, முகம் கழுவிக்கொண்டு வந்து சாப்பாடு வைக்கச் சொல்கிறார். விற்கப்பட்டு ஏறக்குறைய 22 வருஷம் ஆகியிருந்தது. அதற்காக அவருக்கு விசுவாசம் குறைவு என்று வேதம் ஒரு இடத்திலும் சொல்லவில்லை. அண்ணன்மார் மாறியிருக்கிறார்களா என்று சோதித்துப் பார்த்த பிறகுதான் தன்னை வெளிப்படுத்துகிறார், அதையும் கவனியுங்கள்.

மனநல ஆலோசகரிடமும் நான் சில மாதங்கள் போனேன். ஜெபிக்கிறவள் அங்கே போகலாமா என்று கேட்டவர்கள் உண்டு. சர்க்கரை வியாதிக்கு ஜெபித்துவிட்டு மாத்திரையும் போடுகிற நாம், இதற்கு மட்டும் ஏன் தயங்க வேண்டும்? தூக்கமே போய்விட்டது, உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்றால் தாமதிக்காதீர்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் (டெலி மானஸ்) எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். காயப்படுத்துகிறவர் இன்னும் காயப்படுத்திக்கொண்டிருந்தால் முதலில் அந்த வீட்டைவிட்டு வெளியே வாருங்கள். நோட்டு பிறகு.

பெரியம்மாவுக்கு இப்போது 70 தாண்டிவிட்டது. இதுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. கிறிஸ்துமஸ் முடிந்ததும் போய் அவர் காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டு வருவேன், மனசாரத்தான். மகளை மட்டும் அங்கே தனியாக ராத்தங்க விடுவதில்லை. போன வருஷம் நாங்கள் போனபோது மீன் குழம்பு வைத்திருந்தார். என் மகள் தட்டில் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து வைத்தார். நான் அடுப்படிக்குள் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். முகம் கழுவிக்கொண்டு வந்து சாப்பிட உட்கார்ந்தேன்.