மாட்டை என்ன செய்வது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்து லாபிஸில் வந்த வெள்ளத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். நான் சிகாமட்டில் பொது தற்காப்புப் படையின் தன்னார்வலர். பேரிடர் நேரத்தில் மக்களுக்கும் பத்திரிகைகளுக்கும் தகவல் சொல்பவர்களுக்கான பயிற்சிக்கு என் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள். படகு ஓட்டவும் கயிறு கட்டவும் கற்றுக்கொண்டவளுக்கு மைக் பிடிக்கும் வேலை கொஞ்சம் ஏமாற்றம்தான். மேலிடம் கொடுப்பதை வாசிக்க ஒரு பயிற்சி வேண்டுமா? கேமராவைப் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பது வேறு கதை.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்ததால் எடுத்துவிட்டேன்.)

அன்புள்ள தங்கைக்கு,

2006 டிசம்பரில் எங்கள் தோட்டத்து லயத்துக்குள் (தொழிலாளர் வரிசை வீடுகள்) ஒலிபெருக்கி கட்டிய வண்டி ஒன்று வந்தது. எந்த அலுவலகத்து வண்டி என்பது இப்போது வேண்டாம். நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது தகவல் இலாகா வண்டி வந்தால் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவார்கள். அந்தப் பழக்கத்தில் கிழவர்கள்கூட வாசலுக்கு வந்து நின்றார்கள். வண்டி நிற்கவில்லை. ஆற்று நீர்மட்டம் அபாய அளவைத் தாண்டிவிட்டது, பொதுமக்கள் விழிப்புடன் இருக்கவும் என்று மலாயில் சொல்லிக்கொண்டே போய்விட்டது.

“முழிப்பா இருன்னா, தூங்கக் கூடாதுங்கிறானா?” என்று கேட்டுவிட்டு அம்மா அரிசி கழுவப் போனார்.

எங்களிடம் இரண்டு மாடுகள் இருந்தன. அவிழ்த்துவிடுவதா, மேட்டுக்கு ஓட்டிப்போவதா, எந்த மேடு? ஒன்றும் தெரியாது. இரவு தண்ணீர் படியேறியபோது அம்மா தொழுவத்தில் ஒரு மாட்டின் கயிற்றை அவிழ்க்க முடியாமல் அரிவாள்மணையால் அறுத்துக்கொண்டிருந்தார். நனைந்த கயிறு லேசில் அறுபடாது. கையைப் பிடித்து இழுத்து வந்தேன். அந்த மாடு போய்விட்டது. அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

வண்டியில் வந்தவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும்தான் அதில் இல்லை.

டென்னிஸ் மிலெட்டி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் பேரிடர் எச்சரிக்கைகளை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர். எச்சரிக்கையைக் கேட்டதும் மனிதர்கள் ஓடுவதில்லை, பக்கத்து வீட்டைத்தான் பார்ப்பார்கள் என்பது அவருடைய ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டிய விஷயம். நாலு பேரிடம் கேட்டு உறுதிசெய்த பிறகே கிளம்புவார்கள். லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு ஆய்வு தேவையில்லை, சரி. ஆனால் அதிலிருந்து கிடைக்கும் பாடம் பெரியது. யார் சொல்கிறார், என்ன ஆபத்து, எந்த இடத்துக்கு, எப்போது, என்ன செய்ய வேண்டும் என்ற ஐந்தும் அறிவிப்பில் இருந்தால் அப்படிக் கேட்டு அலைபாயும் நேரம் குறையும். இல்லையென்றால் அந்த இடைவெளியில் “அணை உடைஞ்சிருச்சாம்” என்று ஒரு வாட்ஸ்அப் குரல்பதிவு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

மொழிச் சிக்கல் தனி. வடிகால் நீர்ப்பாசன இலாகா ஆற்று மட்டத்தை நோர்மல், வாஸ்பாடா (விழிப்பு), அமாரான் (எச்சரிக்கை), பஹாயா (ஆபத்து) என்று மலாயில் பிரிக்கிறது. வானிலை இலாகாவின் தொடர்மழை அறிவிப்பில் வாஸ்பாடா, புருக் (மோசம்), பஹாயா. தமிழில் சொல்லும்போது வாஸ்பாடாவையும் எச்சரிக்கை என்கிறோம், அமாரானையும் எச்சரிக்கை என்கிறோம். வாஸ்பாடாவின் மஞ்சளும் அமாரானின் ஆரஞ்சும் நம் காதில் ஒன்றாகிவிடுகின்றன. முதலாவதற்கு “ஐசியும் (அடையாள அட்டை) மருந்தும் பையில் எடுத்து வையுங்கள்”, இரண்டாவதற்கு “வயதானவர்களை இப்போதே நிவாரண மையமான பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள்” என்று சொல்லிவிட்டால் சொல் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. இன்னொன்றும் உண்டு: இன்று லயத்தில் இருப்பவர்களில் பலர் வங்காளதேசம், நேப்பாளம் போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கு யார் சொல்வது என்பதை மழைக்கு முன்பே மண்டோரிடம் (வேலை மேற்பார்வையாளர்) பேசி வைக்க வேண்டும்.

மேலிடம் கொடுப்பதை வாசிப்பது என்கிறீர்கள். கலிபோர்னியாவில் 1970-இல் பரவிய காட்டுத்தீக்குப் பிறகு உருவான, பேரிடர் களத்தில் யார் யாருக்குக் கீழே என்று வகுக்கும் கட்டளை அமைப்பைத்தான் இன்று பல நாடுகள் பின்பற்றுகின்றன. அதில் தகவல் அதிகாரி கடைசி ஆள் இல்லை. பாதுகாப்பு அதிகாரி, பிற துறைகளோடு பேசும் தொடர்பு அதிகாரி இருவரோடும் சேர்ந்து நேரே தளபதியின் பக்கத்தில் இருப்பவர். முடிவு எடுக்கும்போதே “ஐயா, இப்படிச் சொன்னால் யாருக்கும் புரியாது” என்று சொல்ல வேண்டிய ஆள்.

ஒரே குரலில் பேச அப்படி ஓர் ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1979 மார்ச் 28-இல் பென்சில்வேனியாவின் திரீ மைல் தீவு அணு உலை விபத்தைப் பாருங்கள். உலையை நடத்திய நிறுவனம் ஒரு விதமாகச் சொன்னது, மாநில அரசு வேறு விதமாக, மத்திய அமைப்பு இன்னொரு விதமாக. ஐந்து மைலுக்குள் இருக்கும் கர்ப்பிணிகளும் பள்ளி வயதை எட்டாத குழந்தைகளும் வெளியேறலாம் என்று ஆளுநர் அறிவுறுத்தினார். அப்படிப்பட்டவர்கள் சில ஆயிரம் பேர்தான். கிளம்பியவர்கள் சுமார் 140,000 பேர். அதிபர் கார்ட்டர், ஹரோல்ட் டென்டன் என்ற ஒரே அதிகாரியை அனுப்பி அவர் மட்டும் பேசட்டும் என்ற பிறகுதான் பதற்றம் அடங்கியது.

பயிற்சியில் 27 சொல், 9 விநாடி, 3 செய்தி என்ற வாய்பாட்டைச் சொல்லித் தருவார்கள்: மூன்றே செய்தி, மொத்தம் 27 சொல்லுக்குள், 9 விநாடிக்குள். ஆபத்துக் காலத்தில் எப்படிப் பேசுவது என்பதை ஆராய்ந்த வின்சென்ட் கொவெல்லோ என்பவருடையது. செய்தி மூன்று என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். 27 சொல் கணக்கு தமிழுக்கு ஒத்துவராது. “போய்விடுங்கள்” நமக்கு ஒரே சொல். விநாடியை எண்ணுங்கள், போதும். நிருபர்கள் போல நாலு பேர் கத்திக் கேள்வி கேட்கும் ஒத்திகையும் இருக்கும். அதில் கற்க வேண்டியது, தெரியாததைத் தெரியாது என்று முகம் மாறாமல் சொல்வது. இறந்தவர் பெயரைக் குடும்பத்துக்கு முன்பாகக் கேமராவுக்குச் சொல்லாமல் இருப்பது அதைவிட முக்கியம்.

நாக்கு ஒட்டுவது பற்றி: எனக்கும் ஒட்டும். தாளைப் பார்த்தே வாசியுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அடுத்த அறிவிப்பு எத்தனை மணிக்கு என்பதைத் தாளின் அடியில் பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள். அந்த மணிக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும் வந்து நில்லுங்கள்.

அன்புடன்,
லாபிஸிலிருந்து