சொத்துக்குவிப்பு வழக்கு: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

ஜெயலலிதா மீதான சொத்துக்குவிப்பு வழக்கைப் பற்றி இன்றைக்குப் பேச்செடுத்தாலும் சண்டையில்தான் முடிகிறது. ‘பொய் வழக்கு’ என்பார் ஒருவர், ‘கோர்ட்டே சொல்லிவிட்டது’ என்பார் இன்னொருவர். எந்தக் கோர்ட், எப்போது, என்ன சொன்னது என்று கேட்டால் இருவருமே தடுமாறுவார்கள். குற்றவியல் வழக்குகளில் ஆஜராகும் வழக்கறிஞன் என்ற முறையில், வந்த கேள்விகளுக்குத் தீர்ப்புகளில் உள்ளதை வைத்தே பதில் சொல்கிறேன்.

தேனியிலிருந்து: அண்ணா, 1996-ல் தி.மு.க. ஆட்சிக்கு வந்ததும் போட்ட வழக்குதானே? பழிவாங்கல் இல்லாமல் வேறென்ன?

முதல் புகார் தி.மு.க. கொடுத்தது இல்லை தம்பி. 1996 ஜூனில் சுப்பிரமணியன் சுவாமி சென்னை நீதிமன்றத்தில் கொடுத்த மனுவில் தொடங்கியது. செப்டம்பரில் லஞ்ச ஒழிப்புத் துறை எஃப்.ஐ.ஆர். போட்டபோது ஆட்சியில் இருந்தது தி.மு.க.தான், அதையும் மறைக்க வேண்டியதில்லை. அரசியல் எதிரிக்கு இதில் ஆர்வமும் இருந்தது, ஆதாயமும் இருந்தது. அதனாலேயே வழக்கு பொய்யாகிவிடாது. பத்திரம் யார் பேரில் இருக்கிறது, பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்பதுதான் விசாரணையில் கடைசிவரை நிற்கும்.

நாகர்கோவிலிலிருந்து: மாதம் 1 ரூபாய் சம்பளம் வாங்கியவர் மேல் எப்படி இப்படி ஒரு குற்றச்சாட்டு என்று அம்மா கேட்கிறார். கணக்கை எப்படித்தான் போடுகிறார்கள்?

அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள். லஞ்சம் வாங்கியதை யாரும் கண்ணால் பார்த்திருக்க வேண்டும் என்று இந்தச் சட்டப்பிரிவு கேட்பதில்லை. பதவிக்கு வந்தபோது இருந்த சொத்து எவ்வளவு, கடைசியில் எவ்வளவு, இடையில் வந்த வருமானம், செய்த செலவு, இந்த நான்கும்தான் கணக்கு. 1991 ஜூலை 1 முதல் 1996 ஏப்ரல் 30 வரை எடுத்துக்கொண்டார்கள். ஆரம்பத்தில் 2.01 கோடி, முடிவில் 66.44 கோடி. வருமானம் 9.34 கோடி, செலவு 11.56 கோடி. கூட்டிக் கழித்தால் 66.65 கோடி ரூபாய்க்குக் கணக்கு இல்லை என்பது குற்றப்பத்திரிகை.

இதில் ஒன்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இந்தத் தொகை அவர் ஒருவர் பேரில் இருந்தது இல்லை. அவரோடு சேர்த்துக் குற்றம் சாட்டப்பட்ட தோழி சசிகலா, சசிகலாவின் உறவினர்கள் சுதாகரன், இளவரசி ஆகியோர் பேரிலும், அவர்கள் நடத்திய ஏராளமான நிறுவனங்களின் பேரிலும் இருந்ததையும் சேர்த்த கணக்கு. அந்தச் சொத்தெல்லாம் உண்மையில் யாருடையது என்பதுதான் வழக்கின் உயிர்நாடி. கணக்கில் வராத பணத்துக்குத் திருப்தியான விளக்கம் தர வேண்டிய பொறுப்பும் குற்றம் சாட்டப்பட்டவருடையதே. நமது எம்.ஜி.ஆர். பத்திரிகையின் சந்தா டெபாசிட் திட்டத்தில் சுமார் 14 கோடி வந்தது என்று விளக்கம் சொன்னார்கள். விசாரணை நீதிமன்றம் அதை நம்பவில்லை.

கோவையிலிருந்து: 1996 வழக்குக்கு 2014-ல் தீர்ப்பு. 18 வருஷம் என்ன சார் செய்தார்கள்?

இந்த வழக்கில் என்னை அதிகம் வருத்துவது இதுதான். 2000 ஆகஸ்ட்டுக்குள் 250 அரசுத் தரப்பு சாட்சிகளை விசாரித்து முடித்திருந்தார்கள். பாதி கிணறு தாண்டியாயிற்று. 2001 மே மாதம் அ.தி.மு.க. மறுபடி ஆட்சிக்கு வந்தது. அதன்பின் 76 சாட்சிகளைக் குறுக்கு விசாரணைக்கு என்று திரும்ப அழைத்தார்கள். அதில் 64 பேர் முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னார்கள்.

சாட்சி பல்டி அடிப்பது நீதிமன்றத்தில் அன்றாடம் நடப்பதுதான். அப்படி ஆனால் அரசு வழக்கறிஞர் எழுந்து, அவரைப் பிறழ்சாட்சியாக அறிவிக்கச் சொல்லி, “அன்றைக்கு வேறு மாதிரி சொன்னீர்களே?” என்று மடக்க வேண்டும். இங்கே அந்த முயற்சியே நடக்கவில்லை. வழக்கை நடத்த வேண்டிய அரசின் முதலமைச்சரே குற்றம் சாட்டப்பட்டவர்களில் முதலாமவர். அப்புறம் அரசு வழக்கறிஞர் எப்படி எழுந்து நிற்பார்? குற்றம் சாட்டப்பட்டவரிடம் நீதிபதி நேரில் கேட்க வேண்டிய கேள்விகளைக்கூட எழுத்தில் அவர் வீட்டுக்கே அனுப்பிவைத்தார்கள். தி.மு.க.வின் க. அன்பழகன் உச்ச நீதிமன்றம் போனார். இவற்றையெல்லாம் பதிவு செய்துதான் 2003 நவம்பர் 18 அன்று வழக்கைக் கர்நாடகத்துக்கு மாற்றினார்கள்.

பெங்களூரிலும் மொழிபெயர்ப்பு, மனு, மேல்முறையீடு, வாய்தா என்று வருஷங்கள் ஓடின. 2011-ல் முதலமைச்சராகவே அங்கே நேரில் வந்து உட்கார்ந்து 1,339 கேள்விகளுக்குப் பதில் சொன்னார். சென்னையில் வீட்டுக்குப் போன கேள்வித்தாளையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சட்டம் அதேதான், இடம்தான் மாறியது. 2014 செப்டம்பர் 27 அன்று நீதிபதி ஜான் மைக்கேல் குன்ஹா நால்வருக்கும் 4 ஆண்டு சிறை விதித்தார். ஜெயலலிதாவுக்கு 100 கோடி அபராதம், மற்ற மூவருக்கும் தலா 10 கோடி.

சேலத்திலிருந்து: மேல்முறையீட்டுக்குக்கூடக் காத்திராமல் பதவி போனது ஏன்?

2013 ஜூலை வரை, தண்டனை பெற்ற உறுப்பினர் 3 மாதத்துக்குள் மேல்முறையீடு செய்தால் பதவி தப்பும். லில்லி தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சலுகையை ரத்து செய்தது. தீர்ப்பு வந்த நிமிடமே பதவி போனது அதனால்தான்.

மதுரையிலிருந்து: ஹைகோர்ட் விடுதலை செய்ததே, அதில் கூட்டல் தப்பு என்பது உண்மையா? கட்டிவிட்ட கதையா?

உண்மை. 2015 மே 11 அன்று கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி குமாரசாமி எல்லோரையும் விடுவித்தார். கணக்கில் வராதது 2.82 கோடிதான், வருமானத்தில் 8.12 சதவீதம், 10 சதவீதத்துக்குள் இருந்தால் விட்டுவிடலாம் என்பது அவர் சொன்ன காரணம். வருமானப் பக்கத்தில் வங்கிக் கடன்களைச் சேர்த்திருந்தார். அந்தப் பட்டியலில் 10 கடன்கள், மொத்தம் 24.17 கோடி என்று போட்டிருந்தது. ஒவ்வொன்றாகக் கூட்டினால் 10.67 கோடிதான் வருகிறது. 13.50 கோடி கூடுதல். அதைச் சரிசெய்தால் கணக்கில் வராதது 16.32 கோடி, வருமானத்தில் 76.7 சதவீதம். 10 சதவீத வாதமே நிற்காது.

ஆனால் அந்தத் தீர்ப்பே கூட்டல் தப்பு மட்டும்தான் என்று சொல்லிவிடுவதும் சரியில்லை. 1995-ல் நடந்த சுதாகரன் திருமணத்தின் செலவை எடுத்துக்கொள்ளுங்கள். போலீஸ் சொன்னது 6.45 கோடி, குன்ஹா ஏற்றது 3 கோடி, உயர் நீதிமன்றம் போட்டது 28.68 லட்சம். ஒரே கல்யாணம், ஒரே ஆவணங்கள். மதிப்பீட்டில் இவ்வளவு தூரம் விலகும்போது, ஏன் என்று தீர்ப்பு விளக்க வேண்டும். அந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. 2017-ல் உச்ச நீதிமன்றத்துக்கும் போதவில்லை.

தஞ்சாவூரிலிருந்து: அப்படியானால் அவரைக் குற்றவாளி என்று சொல்லலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் ஐயா.

ஒரே வார்த்தையில் சொன்னால் அது தப்பாகத்தான் இருக்கும் அம்மா. 2016 டிசம்பர் 5 அன்று அவர் காலமானார். 2017 பிப்ரவரி 14 அன்று நீதிபதிகள் பினாகி சந்திர கோஷும் அமிதவ ராயும் குன்ஹாவின் தீர்ப்பை உறுதி செய்தபோது, ஜெயலலிதாவைப் பொறுத்தவரை, விடுதலையை எதிர்த்துக் கர்நாடக அரசு செய்த மேல்முறையீடு அற்றுப்போனது, அதாவது அவர் இறந்துவிட்டதால் முடிந்துபோனது என்றார்கள். மற்ற மூவரின் தண்டனை நின்றது, சசிகலா மறுநாளே பரப்பன அக்ரஹாரா சிறைக்குப் போனார். மறைந்தவர் மேல் தண்டனை விழவில்லை. மெரினாவில் அவருக்கு நினைவிடம் கட்டுவதை எதிர்த்த வழக்கிலும் சென்னை உயர் நீதிமன்றம், அவரைத் தண்டனை பெற்றவர் என்று சொல்ல முடியாது என்றே சொன்னது.

சரி, அதனால் நிரபராதி என்று அர்த்தமா? அப்படியும் இல்லை. உச்ச நீதிமன்றம் மற்ற மூவரின் தண்டனையை உறுதி செய்ததே, அவரையும் சேர்த்து நால்வரும் கூடிச் செய்த சதி என்ற அடிப்படையில்தான். தண்டனை அவர் மேல் இல்லை, ஆனால் தீர்ப்பு முழுக்க அவர் இருக்கிறார்.

தருமபுரியிலிருந்து: தலைவர் மேல் வழக்கு என்றால் தொண்டன் கொதிக்கத்தானே செய்வான்? அதையும் தப்பென்பீர்களா?

உங்கள் ஊரிலிருந்தே இந்தக் கேள்வி வந்திருக்கிறது. 2000 பிப்ரவரி 2 அன்று ஜெயலலிதா மீதான வேறொரு ஊழல் வழக்கான பிளசண்ட் ஸ்டே ஓட்டல் வழக்கில் தீர்ப்பு வந்ததும், உங்கள் ஊர்ப் பக்கம் வேளாண் பல்கலைக்கழகப் பேருந்துக்குத் தீ வைத்தார்கள். 3 மாணவிகள் உள்ளேயே கருகிப்போனார்கள். படிப்புக்காகச் சுற்றுலா வந்த பிள்ளைகள். அந்த வழக்குக்கும் அவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்த ஓட்டல் வழக்குத் தண்டனை அடுத்த ஆண்டே, 2001 டிசம்பரில், சென்னை உயர் நீதிமன்றத்தில் ரத்தானது. மேல்முறையீட்டில் காகிதத்தோடு தீர்ந்த விஷயம் அது. ஆமாம், தப்பென்பேன். அழுகிறவரோடு எனக்குச் சண்டையில்லை. தீக்குச்சி எடுத்தவனுக்காக வாதாட என்னிடம் ஒரு வரிகூட இல்லை.

சென்னையிலிருந்து: பறிமுதல் செய்த நகையும் நிலமும் இப்போது யாரிடம்?

தமிழக அரசிடம். மேல்முறையீடு அற்றுப்போனதால் சொத்து எங்களுக்கே என்று வாரிசுகள் கேட்டார்கள். அற்றுப்போவது வேறு, விடுதலை வேறு என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் அதைத் தள்ளுபடி செய்தது. அடுத்த மாதமே சுமார் 27 கிலோ தங்க நகைகளும் 1,526 ஏக்கர் நிலத்தின் பத்திரங்களும் பெங்களூரு நீதிமன்றக் கருவூலத்திலிருந்து பலத்த காவலோடு சென்னைக்கு வந்து சேர்ந்தன.